தடியனுக்கு எப்போதும் ஜனவரி ஒன்று

அத்தியாயம் பதினேழு

"இனிமே தடியனுக்கு ஒரு குறையும் இல்லக்கா. இன்னும் பத்து வருஷம் ஓடுவான்" என்று சொல்லிவிட்டுத்தான் நேற்றுச் சாயங்காலம் ஈயம் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான்.

அந்தப் பத்து வருஷம் இன்று காலை எட்டு மணிக்கே முடிந்துபோயிற்று.

தடியன் என்பது தம்பி கட்டிய கம்ப்யூட்டர். கடையில் பெட்டியோடு வாங்கியதல்ல. அங்கங்கே கழித்துப் போட்ட போர்டுகளையும் விசிறிகளையும் பொறுக்கி வந்து, ஒரு பழைய இரும்புக் கூட்டுக்குள் அவனே மாட்டியது. முன்பக்க மூடி ஒரு நிறம், பக்கத்து மூடி வேறு நிறம். உள்ளே ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்த கம்பெனியே அதைக் கைகழுவி வருஷக்கணக்காகிறது.

வீட்டில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தவனும் தம்பிதான். ரயில் நிலையத்தில் பதினெட்டு வருஷம் அறிவிப்பு சொன்ன அக்காவுக்கு 'மைக்'. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவிக்கு 'ஊசி'. எது உடைந்தாலும் ஈயம் வைத்து ஒட்டிவிடுகிற ரிப்பேர் கடைக் கூட்டாளிக்கு 'ஈயம்'. தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்ள அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. அறுபத்து மூன்று நாளைக்கு முன் ஸ்கூட்டரில் கடைக்குக் கிளம்பியவன் வீடு திரும்பவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மைக்கின் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் தம்பி தூங்கவேயில்லை. நிலையத்தில் தூக்கியெறிந்திருந்த பழைய அறிவிப்புப் புரோகிராமைத் தேடி எடுத்து வந்தான். அதில் அக்காவின் குரல் சொல் சொல்லாக இருந்தது. எண்கள், ஊர்கள், 'தாமதமாக', 'புறப்படும்'. வீட்டுக்கு வேண்டிய சொற்களை அந்த வாரத்தில் அவளைச் சொல்ல வைத்துச் சேர்த்தான். 'அம்மா', 'சாப்டியா', 'தூங்கினியா', 'தம்பி', 'வேலை'. எதையாவது விட்டுவிட்டால் எழுத்தெழுத்தாகவாவது சொல்லட்டும் என்று, ஒரு மத்தியானம் முழுக்க எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தான்.

அவள் தட்டினால் தடியன் பேசும். அவள் குரலில்.

பக்கத்தில் இருப்பவர்களிடம் பேச மைக்குக்கு ஒரு சிலேட்டு போதும். தடியன் அம்மாவுக்காக. கண் தெரியாத அம்மா வெளியூரில் சித்தி வீட்டில் இருக்கிறாள். தினமும் நாலு மணிக்குப் போன் வரும்.

தம்பி போன அன்று அம்மா நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது சொல்லக் கூடாது என்றார் டாக்டர். அதனால் மைக் தட்டினாள்: "தம்பி வெளியூர்ல வேலையா இருக்கான்." அந்தப் பொய்க்கு வேண்டிய சொல்லெல்லாம் தடியனிடம் ஏற்கெனவே இருந்தது. தடியனுக்குக் குரலும் நடுங்காது. அம்மா நம்பிவிட்டாள்.

போன வாரம் அதே டாக்டர், இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இன்று தடியனும் திறக்கவில்லை.

* * *

ஊசி வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, மைக் அவள் முகத்துக்கு நேரே சிலேட்டை நீட்டினாள்.

"பேச மாட்டேங்குது."

"நேத்துதானே அண்ணி ஈயம் அண்ணன் வந்து பார்த்துட்டுப் போனாரு?"

மைக் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். "அதனாலதான் பேச மாட்டேங்குதோ என்னமோ."

ஊசிக்குச் சுருக்கென்றது. ஈயத்தைக் கூப்பிட்டதே அவள்தான். தடியனைப் போட்டால் தினமும் முதலில் ஒரு எச்சரிக்கை வரும். எஃப் ஒன் பொத்தானைத் தட்டினால்தான் மேலே போகும். என்றைக்காவது ஒரு நாள் தட்டியும் போகாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, "ஒரு தடவை எல்லாத்தையும் சரி பார்த்துடுங்கண்ணே" என்று சொன்னவள் அவள்.

இன்று எச்சரிக்கை வரவில்லை. சமர்த்தாக எல்லாம் திறந்தது. குரல் புரோகிராமைத் தொட்டதும் மட்டும் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. அனுமதிக் காலம் முடிந்துவிட்டது, நிறுவனத்தைத் தொடர்புகொள்ளவும்.

"நான் போய் ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிட்டு மூணு மணிக்கெல்லாம் வந்துடறேன். அதுக்குள்ள அண்ணனை வரச் சொல்றேன். நாலு மணிக்குள்ள சரியாயிடும் அண்ணி."

மைக் எழுதியது இரண்டே சொல்: "ஆகலைன்னா?"

அம்மா அடிக்கடி சொல்வது இரண்டு பேருக்கும் தெரியும். 'மைக்கு குரல் கேட்குதுன்னா என் பையன் மிஷினைப் பார்த்துக்கறான்னு அர்த்தம்.' தடியன் ஊமையானால் அம்மா அடுத்த நிமிஷம் கேட்கப்போவது தம்பியைத்தான்.

* * *

ஈயம் பத்து மணிக்கு வந்தான். மேஜைக்கு அடியில் படுத்தான், எழுந்தான், மறுபடி படுத்தான்.

"ரேமைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டேன். அது இல்ல. ஹார்ட் டிஸ்க்கும் நல்லா இருக்கு. உங்க குரல் எல்லாம் உள்ளே பத்திரமா இருக்குக்கா, ஒண்ணுகூடப் போகல. இந்தப் புரோகிராம்தான் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"கம்பெனிக்குப் போன்?" என்றது சிலேட்டு.

"போட்டேன். அப்படி ஒரு நம்பரே இல்லைங்கிறான். கம்பெனியை மூடி எத்தனை வருஷமோ."

"உன் லேப்டாப்ல போட்டுப் பார்."

"அதையும் பார்த்துட்டேன். புது மிஷினுக்கு இதோட பாஷையே புரியல. நெட்ல கேட்டா, இந்த சிஸ்டத்தை இன்னுமா வெச்சிருக்கீங்கன்னு நம்மளையே குசலம் விசாரிக்கிறாங்க."

மைக் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாலும் சத்தம் வராது. ஆனால் தோள் குலுங்கும். இன்று அது குலுங்கவில்லை.

"நேத்து நீ என்னதான் பண்ணினே?" என்று எழுதினாள்.

"தூசி தட்டினேன். விசிறிக்கு எண்ணெய் விட்டேன். அப்புறம் அந்தச் சின்ன பேட்டரி, பொத்தான் மாதிரி இருக்குமே, அது இருக்க வேண்டிய இடம் காலியா இருந்துச்சு. புதுசு ஒண்ணு போட்டேன். அது இல்லாமத்தான் தினமும் எச்சரிக்கை வந்துட்டு இருந்துச்சு. நல்லதுதானேக்கா பண்ணினேன்?"

அவன் கேட்ட விதத்தில் மைக்குக்குப் பாவமாகிவிட்டது. "டீ குடி" என்று எழுதிக் காட்டினாள்.

டீ ஆறியது. ஒரு மணி, இரண்டு மணி ஆயிற்று. ஈயம் தலையைச் சொறிந்துகொண்டே அதே கட்டத்தைத் திறந்து திறந்து மூடினான்.

மூன்று மணிக்கு ஊசி வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"காலம் முடிஞ்சிடுச்சுன்னா, காலாவதியா அண்ணே?"

"ஆமா தங்கச்சி."

"எங்க மிஷின்லயும் அப்படித்தான். காலாவதியான மருந்து பாட்டிலை வெச்சா உள்ளேயே வாங்காது. தேதியைப் பார்த்துட்டுத் துப்பிடும்."

"சரி."

"ஆனா நேத்து வரைக்கும் வாங்கிட்டு இருந்துச்சே. இது எந்தக் காலத்துப் புரோகிராம்? என்னைக்கோ காலாவதி ஆகியிருக்கணுமே."

ஈயம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஊசியின் விரல் திரையின் மூலைக்குப் போயிற்று. அங்கே இன்றைய தேதி சரியாக இருந்தது.

"இது சரியா இருக்கு" என்றாள் மெதுவாக. "அண்ணி, இது எப்பவும் சரியா இருக்காதே. ஒரு தடவை நான் பார்த்துட்டுச் சிரிச்சேன். ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது, அதுவும் ஏதோ பழைய வருஷம். 'இதைக்கூடச் சரி பண்ணத் தெரியலையா, நீங்க எல்லாம் ஒரு கம்ப்யூட்டர்காரரா'ன்னு கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?" என்றான் ஈயம்.

"'அது அப்படியே இருக்கட்டும் ஊசி, அவனுக்கு வயசே ஆகக் கூடாது'ன்னாரு. நான் ஏதோ கிண்டல் பண்றாருன்னு விட்டுட்டேன்."

ஈயம் தலையில் அடித்துக்கொண்டான். பலமாக அல்ல, மெதுவாக, இரண்டு தடவை.

"பாவி. அவனேதான் பேட்டரியைக் கழட்டி வெச்சிருக்கான். பேட்டரி இல்லாம சுவத்து ப்ளக்கையும் பிடுங்கிட்டா, மிஷின் தேதியை மறந்துடும். மறுபடி போடறப்போ போர்டு பிறந்த வருஷத்துக்கு, ஜனவரி ஒண்ணுக்குப் போயிடும். அந்தத் தேதியில இந்தப் புரோகிராமுக்கு அனுமதி உயிரோட இருந்திருக்கு. நான் பேட்டரியைப் போட்டுத் தேதியையும் சரி பண்ணிட்டேன். சரி பண்ணித் தொலைச்சுட்டேன்."

மைக் சிலேட்டை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலமானால் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது தம்பி போட்ட சட்டம். மறந்துபோனால் திட்டுவான். இடி மின்னலுக்குப் பயப்படுகிறான் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தாள். அவன் போன பிறகும் ஒரு நாள் தவறாமல் பிடுங்கினாள். அவளுக்குத் தெரியாமலேயே, அவள் கையாலேயே, தடியனுக்கு ஒவ்வொரு நாளும் ஜனவரி ஒன்றாகவே விடிந்துகொண்டிருந்தது.

"நாமளும் அதைத்தானே அண்ணி பண்ணிட்டு இருக்கோம்" என்றாள் ஊசி. "எனக்கு அறுபத்து மூணு நாளாச்சு. அத்தைக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகல."

சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டவள் போலத் திரும்பிக்கொண்டாள்.

"வெறுமே தேதியைப் பின்னாடி தள்ளி வெச்சாலும் ஓடும்" என்றான் ஈயம், பேச்சை மாற்ற. "ஆனா எந்தத் தேதி வரைக்கும் அனுமதின்னு எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கு அவன்கூடப் போயிடுச்சு. அவன் விட்ட மாதிரியே விட்டுடறேன்."

தடியனை நிறுத்தி ப்ளக்கைப் பிடுங்கினான். முதல் திருகாணி கழன்று வரும்போதே போன் மணி அடித்தது.

நாலு மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது.

* * *

பழக்கதோஷத்தில் மைக் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தடியன் பக்கத்தில் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் பேச ஒன்றுமில்லை என்பது உறைத்தது.

"மைக்கு?" என்றாள் அம்மா. "இன்னைக்குச் சீக்கிரமே முழிப்பு வந்துடுச்சு. உங்க சித்தியைப் போடச் சொன்னேன். மைக்கு?"

ஊசி தொண்டையைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். "அத்தை, நான்தான். மிஷின்ல சின்ன ரிப்பேர். அப்புறமா போடறோம் அத்தை."

"ரிப்பேரா? அவன்தான் ஊர்ல இல்லையே. யாரு பார்க்கறா?"

ஈயம் கையிலிருந்த திருகாணியை என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போலப் பக்கத்தில் இருந்த தகர மூடியில் போட்டான்.

டிங்.

மறுமுனையில் பேச்சு நின்றது.

"வந்துட்டானா?"

ஈயத்தின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"வந்துட்டானா அவன்? மூடியில ஸ்க்ரூ போடற சத்தம் கேட்குதே. சின்ன வயசுலேர்ந்து அவன் அப்படித்தானே. ரேடியோவைக் கழட்டறப்போ ஒண்ணு தொலைஞ்சுபோய் என்கிட்ட உதை வாங்கினான். அன்னைக்கிலேர்ந்து மூடியிலதான் போடுவான்." அம்மாவின் குரலில் பத்து வயது குறைந்துவிட்டது. "டேய். வந்தவன் ஒரு வார்த்தை பேசக் கூடாதா? வாயில ஸ்க்ரூடிரைவரா?"

ஈயம் ஊசியைப் பார்த்தான். ஊசி மைக்கைப் பார்த்தாள்.

"சரி, சரி, கோபத்துல இருக்கான்போல. வேலையை முடிக்கட்டும். நான் வைக்கல. இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கேன், அது போதும்."

இன்னும் மூன்று திருகாணிகள் இருந்தன. ஈயம் அவற்றைத் தரையில் வைத்திருக்கலாம், சட்டைப்பையில் போட்டிருக்கலாம். ஏனோ அவனால் முடியவில்லை. ஒவ்வொன்றாக மூடியில் போட்டான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா "ம்" என்றாள், தூங்கும் குழந்தைக்குத் தட்டிக்கொடுப்பது போல. ஈயத்தின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு போர்டின் மேல் விழுந்தது. சட்டை நுனியால் ஒற்றி எடுத்தான்.

நேற்றுப் போட்ட பேட்டரி நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது.

ஊசி மைக்கின் மடியிலிருந்த சிலேட்டை எடுத்தாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, வாய் பேசத் தெரிந்தவள் அதில் எழுதினாள்.

"சொல்லிடலாம் அண்ணி."

மைக் படித்தாள். நெடுநேரம் படித்தாள், அது ஏதோ நீளமான கடிதம் என்பது போல. பிறகு உள்ளங்கையால் அழித்தாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

ஊசி சிலேட்டில் மறுபடி ஒரு வரி எழுதி, அதைக் கொண்டுபோய் ஈயத்திடம் காட்டினாள். "சித்தி பக்கத்துல இருக்காங்களா?" ஈயம் சத்தம் எழுப்பாமல் தன் போனில் சித்திக்கு ஒரு செய்தி அனுப்பினான். அம்மா பக்கத்திலேயே உட்காருங்க. கையைப் பிடிச்சுக்கங்க.

ப்ளக்கை மாட்டினான்.

தடியனின் விசிறி உறுமியது. கறுப்புத் திரையில் அந்தப் பழைய எச்சரிக்கை வந்தது. மைக் எஃப் ஒன் தட்டினாள். மூலையில் ஜனவரி ஒன்று. குரல் புரோகிராம் ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தது.

அவள் தட்டினாள்.

"அம்மா" என்றது தடியன்.

"பார்த்தியா, வந்ததும் சரி பண்ணிட்டான். என்ன மைக்கு, சொல்லு."

மைக் அடுத்ததைத் தட்டினாள். அனுப்புவதற்கு முன் விரல் பொத்தான் மேலேயே நின்றது. ஊசி வந்து அந்த விரல் மேல் தன் விரலை வைத்தாள். இரண்டும் சேர்ந்து அழுத்தின.

"தம்பி" என்றது தடியன், முழுசாக, இனிமையாக.

அடுத்த சொல்லை அந்த வாரத்தில் அவர்கள் பதியவில்லை. யாருக்குத்தான் பதியத் தோன்றும்? தடியன் எழுத்தெழுத்தாக ஆரம்பித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே, ரயில் நிலையத்தில் விடுவது போல, ஒரு சீரான இடைவெளி.

"இ. ற. ந்."

"என்னது?" என்றாள் அம்மா.

"து."

"நிறுத்து."

தடியனுக்கு நிறுத்தத் தெரியாது.

"ட். டா."

"போதும் மைக்கு. போதும். நிறுத்துடி."

"ன்."

அதன் பிறகு விசிறிச் சத்தம் மட்டும்தான். மறுமுனையில் சித்தி ஏதோ சொல்வதும், அம்மா "விடு, நான் நல்லாத்தான் இருக்கேன், விடு" என்பதும் கேட்டது.

வெகுநேரம் கழித்து அம்மா கேட்டாள்.

"எப்போ?"

மைக் தட்டினாள். இதற்குத் தடங்கல் இல்லை. எண்கள் எல்லாம் முழுசாக இருந்தன, பதினெட்டு வருஷம் சொன்ன எண்கள், அவள் குரல் நன்றாக இருந்த காலத்து எண்கள்.

"அறுபத்து மூன்று. நாள்."

"அப்போ இப்ப ஸ்க்ரூ போட்டது?"

"நான்தாம்மா. ஈயம்."

"நீயா." அம்மா மூச்சு விட்டாள். "நீயும் மூடியிலதான் போடறே."

"அவன்தாம்மா பழக்கிவிட்டான்."

"ஊசி எங்கே?"

"இங்கதான் அத்தை இருக்கேன்."

"தினமும் நாலு மணிக்கு நீ எங்கே இருப்பே?"

ஊசி உதட்டைக் கடித்தாள். "சமையலறையில. குழாயைத் திறந்து விட்டுட்டு."

"எனக்குக் கேட்கும். பாத்திரம் தேய்க்கறேன்னு நினைச்சுட்டு இருந்தேன்." அம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "குழாயை மூடிட்டு அழுடி. நான் இன்னைக்குத்தானே ஆரம்பிக்கறேன். எனக்கு யாராவது கூட வேணும்."

ஊசி போனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அறுபத்து மூன்று நாளாகத் தண்ணீருக்கடியில் வைத்திருந்த குரல் வெளியே வந்தது. ஈயம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். மைக் வாயைத் திறந்தாள். சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

போனை வைப்பதற்கு முன் அம்மா ஒன்று சொன்னாள்.

"நாளைக்கு முதல் வண்டிக்கு நான் கிளம்பி வரேன். சித்தி கூட்டிட்டு வருவா. அதுவரைக்கும் அந்த மிஷினை நிறுத்தாதீங்க. ப்ளக்கைப் பிடுங்காதீங்க. நான் வந்து தொடறப்போ அது சூடா இருக்கணும். அவன் கை வெச்சதுல அது ஒண்ணாவது சூடா இருக்கட்டும்."

* * *

விளக்கு வைக்கிற நேரத்தில் மைக்கின் கை தானாக ப்ளக்குக்குப் போயிற்று.

"அக்கா" என்றான் ஈயம். கிளம்ப மனமில்லாமல் இன்னும் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணு சொல்லிடறேன். பிடுங்கலைன்னா தேதி நகரும். எந்தத் தேதியில அந்த அனுமதி முடியுதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு மாசம் இருக்கலாம். ஒரு நாளும் இருக்கலாம். இன்னைக்கு எப்படியோ மன்னிச்சுத் திறந்துடுச்சு, மறுபடி தாண்டிச்சுன்னா அதை மனசுல வெச்சுக்கிட்டு அப்புறம் என்ன பண்ணினாலும் திறக்காமப் போகலாம். அம்மா வர்றப்போ உங்ககிட்ட குரல் இல்லாமலே போகலாம்."

மைக் அவனைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தோடு ஊசி சிலேட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். தீர்மானம் அவளுடையது அல்ல.

மைக் ப்ளக்கிலிருந்து கையை எடுத்தாள். தடியனின் இரும்பு மூடியின் மேல் வைத்தாள். சூடாகத்தான் இருந்தது.

சிலேட்டில் எழுதினாள்: "ஓடட்டும்."

மூலையில் ஜனவரி ஒன்று இன்னும் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, தடியனுக்கு நாளை ஜனவரி இரண்டு.